நெட்டக்கல் நோம்பி

எங்கள் பக்கத்தில் மரியாதைக்குக் குறைச்சலே கிடையாது. கழுத்தை அறுத்தாலும் ‘வலிக்குதுங்களா?’ என்று கேட்டுக்கொண்டேதான் அறுப்பார்கள். கொங்குத் தமிழ் கேட்கத் தேனாட்டம் இருக்கிறது என்று வெளியூர்க்காரர் யாராவது சொன்னால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். அந்த ‘ங்க’வை வைத்துக்கொண்டே ஒரு பொம்பளையின் கிணற்றைப் பிடுங்கிக்கொண்ட மனிதரை எனக்குத் தெரியும். கூட நின்று ஒத்து ஊதியவன் யார் என்றும் தெரியும். நான்தான். வெட்கங்கெட்ட கதை. இத்தனை வருடம் கழித்துச் சொல்வதால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை, இருந்தாலும் சொல்லித் தொலைக்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் அருள்புரத்தில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்துப் பனியனுக்குப் பிரிண்டிங் போட்டுக்கொண்டிருந்தேன். நீளமான மேசை, மேசைமேல் வரிசையாகப் பனியன், அதன்மேல் நைலான் துணியை இழுத்துக் கட்டிய மரச்சட்டம். சட்டத்துக்குள் சாயத்தை ஊற்றி ரப்பர் வைத்த கட்டையால் ஓர் இழுப்பு இழுத்தால் படம் பனியனில் இறங்கிவிடும். சாயத்தில் மண்ணெண்ணெய் கலப்போம். கொட்டகை, சட்டை, சோறு எல்லாம் அந்த நாற்றம்தான். கம்பெனிக்காரர்கள் மத்தியில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. ‘அவங்கிட்டக் குடுத்தா ஒரு பீசு ரிஜெக்ட் ஆகாது’ என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அப்போதுதான் அந்தப் பண்ணையக்காரர் வந்தார். பல்லடத்துக்கு அந்தப் பக்கம் தோட்டம் துரவு என்று நிறைய உள்ளவர். காலம் மாறுவதைப் பார்த்து, காட்டின் ஒரு மூலையில் பனியன் துணி வெளுக்கும் பட்டறை ஒன்று ஆரம்பித்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் ஒரு பேனா. பேசும்போது புல்லட் சாவியைக் காதுக்குள் விட்டுக் குடைந்துகொண்டே பேசுவார். குடைந்ததை வெளியே எடுத்துப் பார்ப்பார். வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டு மறுபடியும் குடைவார்.

“தம்பி, நம்ம காட்டுல ஒரு நெட்டக்கல்லு நிக்குதுங். ரெண்டாயிரம் வருசத்துக் கல்லாமா. காலேஜுல இருந்து ஒரு வாத்தியார் வந்து பாத்துட்டுச் சொன்னாருங். அந்தக் காலத்துல பெரிய மனுசன் எவனையோ பொதைச்சு, மேல அடையாளத்துக்கு நட்டதாமா.”

“அப்படீங்களா.”

“அதுக்கு ஒரு நோம்பி எடுக்கலாம்னு இருக்கறனுங். கல்லு சாஞ்சு கெடக்குது. அதை நிமுத்தி, மேடை கட்டி, ஊரையே கூப்புட்டுச் சோறு போட்டு, வர்றவங்களுக்கு ஆளுக்கொரு பனியன். நெஞ்சுல கல்லுப் படம், கீழ செவப்புல எழுத்து. ஐநூறு பீசு போடோணும்.”

நோம்பி என்றால் எங்கள் பக்கம் திருவிழா. கல்லுக்கு ஏது திருவிழா என்று கேட்காதீர்கள். அதுவரைக்கும் அந்தக் கல்லில் அவருடைய எருமைகள்தான் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தன. வேலைக்காரிகள் அதன்மேல் வரட்டி தட்டிக் காய வைத்தார்கள். ஒரு வாத்தியார் வந்து ரெண்டாயிரம் வருடம் என்று சொன்ன மறுநாள் இவருக்குப் பக்தி வந்துவிட்டது. போதாக்குறைக்கு வெளிநாட்டிலிருந்து துணி வாங்கும் பையர் ஒருவன் அந்த மாதம் வருவதாக இருந்தான். அவன் முன்னால் தலைப்பாகை கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், பேப்பரில் போட்டோ வர வேண்டும். அவ்வளவுதான் அவருடைய பக்தி.

படம் எடுக்க நானே கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். வண்டிப்பாதையில் நின்று பார்த்தால் கல் நேர் எதிரே தெரியும். ரெண்டு ஆள் உயரம், ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கல்லுக்கு வலது பக்கம் பூராவும் பண்ணையக்காரர் காடு. இடது பக்கம் ரெண்டு ஏக்கர் அவருடைய பங்காளி வீட்டுக்குச் சொந்தம். அந்தப் பங்காளி செத்து நாலைந்து வருடம் ஆகிவிட்டது. அவருடைய மனைவி மட்டும் இருந்தார். நாற்பது வயதிருக்கும், வெள்ளைச் சேலை. ஒரே மகளை உடுமலைப்பேட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டு, கத்தரியும் தக்காளியும் போட்டு, ரெண்டு எருமையும் வைத்துக்கொண்டு ஒண்டியாகப் பிழைத்துக்கொண்டிருந்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். கல்லிலிருந்து இடது பக்கம் ஏழெட்டு எட்டு வைத்தால் அவருடைய கிணறு, கிணற்று ஓரத்தில் சுண்ணாம்பு அடித்த சின்ன மோட்டார் ரூம்.

“போட்டோவுல எங்க மோட்டார் ரூமும் விழுகுமுங்களா தம்பி?” என்று கேட்டார்.

“விழுகுமுங்க்கா.”

“விழுகட்டுமுங். எல்லாரும் நெஞ்சுல போட்டுக்கிட்டுத் திரிவாங்க, இல்லீங்?” என்று சிரித்தார்.

நான் கேட்காமலே அவர்தான் சொன்னார். அந்தக் கல்தான் ரெண்டு வீட்டுக்கும் எல்லை. மாமனார் காலத்தில் பாகம் பிரித்தபோது, கல்லுக்கு இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் எனக்கு என்று பேசிப் பத்திரத்திலும் ‘நெட்டைக்கல்லுக்கு வடக்கு’ இவர்களுடையது என்று எழுதிவிட்டார்கள். வேறு வேலியோ வரப்போ யாரும் போட்டுக்கொள்ளவில்லை.

“பண்ணையத்து மாமன் மூணு தடவை கேட்டுட்டாங்க தம்பி, பட்டறைக்குத் தண்ணி வேணும், கெணத்தைக் குடுன்னு. குடுத்துட்டு நான் எதை வெச்சுப் பொழைக்கறதுங்? அவங்க மோட்டாரைப் போட்டு உறிஞ்சுனா எங்காட்டுக்குச் சொட்டுத் தண்ணி மிஞ்சாதுங். கெணறு போனா நானும் போயிட்டேன்னு அர்த்தமுங்.”

“குடுக்காதீங்க்கா,” என்றேன். வாய்க்கு என்ன, அது சும்மா சொல்லும்.

அடுத்தது என் தப்பு. பிரிண்டிங் தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். போட்டோவை ஃபிலிமாக்கி, மருந்து பூசிய நைலான் துணிமேல் ஒட்டி வெயிலில் காட்டிக் கழுவினால் படம் துணியில் பதியும். அந்த ஃபிலிமுக்கு நல்ல பக்கம், கெட்ட பக்கம் என்று உண்டு. மாற்றி வைத்தால் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் விழும். எழுத்தாக இருந்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். கல்லுக்கு ஏது முன்பக்கம் பின்பக்கம்? எழுத்துக்குச் சிவப்பு, படத்துக்குக் கறுப்பு, ரெண்டுக்கும் தனித்தனிச் சட்டம். எழுத்துச் சட்டம் ஒழுங்காக இருந்தது. படச் சட்டத்தில் அன்றைக்கு அவசரத்தில் ஃபிலிமைத் திருப்பி ஒட்டிவிட்டேன். ஐநூறு பீசும் அடித்துக் கொடியில் காயப்போட்ட பிறகுதான் கண்ணில் பட்டது. கல்லுக்கு இடது பக்கம் நிற்க வேண்டிய மோட்டார் ரூம் ஐநூறு பனியனிலும் வலது பக்கம் நின்றது.

தலையில் அடித்துக்கொண்டேன். ஐநூறு பனியனையும் என் கைக்காசில் திரும்ப வாங்கிக் கொடுக்க என்னால் முடியாது. இவன் படத்தையே திருப்பிப் போட்டுவிட்டான் என்று பேச்சுப் பரவினால் என் பிழைப்பில் மண்தான். ராத்திரி பூராவும் புரண்டுவிட்டு, விடிந்ததும் ஒரு பனியனை மட்டும் எடுத்துக்கொண்டு பண்ணையக்காரர் காட்டுக்கே போனேன்.

அவர் கல்லுக்குப் பக்கத்தில் நின்று மேடைக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்தார். கல்லைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூளில் வட்டம் போட்டிருந்தார்கள். எங்கே நிற்கிறதோ அங்கேயே நிமிர்த்துவதாகத்தான் அதுவரை ஏற்பாடு. நான் விஷயத்தைச் சொல்லிக் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அவர் பனியனை வாங்கி விரித்துப் பிடித்தார். பனியனைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். மறுபடியும் பனியனைப் பார்த்தார். காதுக்குள் போன சாவி அப்படியே நின்றுவிட்டது.

“இதெ வேற யாராச்சும் பாத்தாங்களா தம்பி?”

“இல்லீங்க. எங்கூட வேலை செய்யறவங்களுக்கு உங்க காடு எங்கிருக்குதுன்னே தெரியாதுங்க.”

“அப்ப இருக்கட்டுமுங். நல்லாத்தான் இருக்குது. சும்மா மனசைப் போட்டு ஒழப்பிக்காதீங்க. எல்லாப் பீசையும் அப்படியே கொண்டாந்து போட்டுருங்க.”

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது என் மூஞ்சியிலேயே காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது. எவ்வளவு பெருந்தன்மையான மனிதர் என்று நினைத்தேன். வழியில் நின்று டீ குடித்தேன், கூடவே ரெண்டு வடையும் சாப்பிட்டேன்.

ரெண்டு நாள் கழித்துப் பனியன் மூட்டைகளை இறக்கப் போனபோது கல்லைச் சுற்றியிருந்த சுண்ணாம்பு வட்டம் அழிந்திருந்தது. கிணற்றைத் தாண்டி, இடது பக்கம், அந்த அக்காவின் கத்தரிக்காட்டுக்குள் ஆழமாக ஒரு குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அக்கா குழி மேட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஏனுங் மாமா, எங்காட்டுக்குள்ள எதுக்குங் குழி?”

“கொடிக்கம்பத்துக்கு அம்மிணி. ஒரே நாளு. நோம்பி முடிஞ்சதும் மூடிக் குடுத்துருவேன். கத்தரிச் செடிக்கு என்ன ஆச்சோ அதுக்கும் சேத்து நான் பாத்துக்கறேன்.”

அந்த அக்காவுக்குக் கொடிக்கம்பத்தின்மேல் சந்தேகம் வரவில்லை. எனக்கு வந்தது. கொடிக்கம்பத்துக்கு ஆள் உயரக் குழி எதற்கு? படத்தில் நான் எந்த இடத்தில் கல்லை நிறுத்தியிருந்தேனோ அந்த இடம் அது. கல் அங்கே போய்விட்டால் கிணறு கல்லுக்கு வலது பக்கம் வந்துவிடும். வலது பக்கம் அவருடையது. நான் மூட்டைகளை இறக்கிவிட்டு, வண்டிக்காரனிடம் சீக்கிரம் போகலாம் என்று சொல்லி ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

நோம்பி அன்றைக்குக் காலையிலேயே மைக் செட் அலற ஆரம்பித்துவிட்டது. மீதிப் பனியன் மூட்டையோடு நான் போய்ச் சேர்ந்தபோது பண்ணையக்காரர் அந்த அக்காவின் வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். தலைப்பாகை, ஜரிகை வேட்டி.

“அம்மிணி, நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காதே. நல்ல காரியம். நாலு பெரிய மனுசங்க வர்றாங்க. நீ ஊட்டுக்குள்ளயே இரு. மொதப் பந்தில உனக்குத்தான் சோறு. நானே குடுத்தனுப்பறேன்.”

தாலியிழந்தவள் நல்ல காரியத்துக்கு முன்னால் வரக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கருமம் பிடித்த வழக்கம், எந்த மகராசன் ஏற்படுத்தினானோ. அந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டு, “சரிங் மாமா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவருடைய காட்டில் அவருடைய கிணற்றுக்குப் பக்கத்தில் நடந்ததை ஊரே பார்த்தது. அவர் மட்டும் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று பட்டறையிலிருந்து ஆசிட் கொண்டுவந்து ஊற்றித் தேய்த்திருந்தார்கள். ரெண்டாயிரம் வருடப் பாசியும் கறுப்பும் போய், தோல் உரித்த ஆடு மாதிரி வெளிறிப்போய் நின்றது. அதன்மேல் குடம் குடமாகப் பால். பால் காய்ந்து ஈ மொய்த்தது. வெளிநாட்டுப் பையருக்கும் தலைப்பாகை கட்டி, மாலை போட்டு, சட்டைக்கு மேலேயே நம் பனியனை மாட்டி நிறுத்தியிருந்தார்கள். அவன் வெயிலில் தக்காளியாகச் சிவந்து, எதற்குக் கை தட்டுகிறோம் என்று தெரியாமல் தட்டிக்கொண்டிருந்தான். நிலம் அளக்கிற சர்வேயர் முன்வரிசையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார். அவர் நெஞ்சிலும் நான் அடித்த படம்தான்.

கம்பெனிக்கு மெசின் இறக்குகிற கிரேனைக் கொண்டுவந்து சங்கிலி கட்டிக் கல்லைத் தூக்கினார்கள். பிடுங்கியபோது மேல் முனை ஒரு சில்லு உடைந்து விழுந்தது. அடியில் குழிக்குள் கறுப்பும் சிவப்புமாக உடைந்த தாழி ஓடுகள் கிடந்தன. நாலைந்து பேர் எட்டிப் பார்த்து, “அட, சட்டி” என்றார்கள். ஒருவன் காலால் தள்ளிவிட்டான். ரெண்டாயிரம் வருடமாக யாரையோ மூடியிருந்த மண்ணின்மேல் அடுத்த நிமிடமே டிராக்டரில் செம்மண்ணைக் கொட்டி மூடினார்கள். கிரேன் கல்லைத் தொங்கவிட்டுக்கொண்டு கிணற்றைத் தாண்டித் திரும்பியது. வள்ளி கும்மி ஆட வந்த பெண்கள் குலவை போட்டார்கள். கல் புதுக்குழிக்குள் இறங்கியது. ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் கண் இருந்தது. ரெண்டு பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது பந்திக்குக் கூப்பிட்டார்கள்.

அரிசியும் பருப்பும் சோறு, கச்சாயம், பாயசம். நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். ரெண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கினேன். சாப்பிட்ட எச்சில் இலையையெல்லாம் அந்த அக்காவின் கத்தரிக்காட்டில்தான் கொட்டினார்கள்.

சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு அவர் கதவைத் திறந்து வந்து பார்த்தாராம். கல் கிணற்றைத் தாண்டி அவருடைய காட்டுக்குள் நிற்கிறது. ஓடிப் போய்ப் பண்ணையக்காரரைக் கேட்டதற்கு, “சாமி எங்க நிக்கோணும்னு நெனச்சுதோ அங்க நிக்குது அம்மிணி. நம்ம கையில என்ன இருக்குது?” என்று சொல்லியிருக்கிறார். பழைய குழி இருந்த இடத்தில் அந்த வாரமே உழுது வாழை வைத்தாயிற்று. மாதம் ஒன்று போனதும் பேச்சு மாறியது. கல் எப்போதும் அங்கேதான் நின்றது, இருந்த இடத்தில்தான் தூக்கி நிமிர்த்தினோம் என்றார். அதற்கடுத்த மாதம் மோட்டார் ரூமுக்குப் புதுப் பூட்டுப் போட்டார்.

அந்த அக்கா சர்வேயரிடம் போனார். “பாத்துச் சொல்றேனுங்” என்றார் சர்வேயர். கடைசியில் அந்த அக்கா ஊர்க்கூட்டத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்டார். கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் பஸ் பிடித்து என் கொட்டகைக்கு வந்தார். கையில் அந்தப் பனியன்.

“தம்பி, இதைத்தானுங் அவங்க சாட்சிங்கறாங்க. நோம்பிக்கு முன்னாடி எடுத்த போட்டோ, கெணறு வலது பக்கம் இருக்குது பாருங்கறாங்க. நான் அன்னிக்கு உங்க பக்கத்துலயே நின்னேனுங். இது எப்படிங் இப்படி விழுந்துச்சு?”

வேலைக்காரர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு உண்மையைச் சொன்னேன். ஃபிலிமைத் திருப்பி வைத்ததை, பண்ணையக்காரரிடம் போய்ச் சொன்னதை, அவர் இருக்கட்டும் என்றதை, எல்லாவற்றையும். அந்த அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

“அப்ப எம்மேல தப்பில்லீங் தம்பி! நான் பைத்தியக்காரி ஆயிட்டனோன்னு நெனச்சுட்டு இருந்தேனுங். இதெ நாளைக்கு அங்க வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதுமுங். எங் கெணறு வந்துருமுங்.”

“வர்றேனுங்க்கா. கட்டாயம் சொல்றேனுங்க.”

சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். அந்த ஃபிலிமைக்கூடக் காகிதத்தில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் போனேன். மாரியம்மன் கோயில் முன்னால் மடக்கு நாற்காலிகள் போட்டு ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் இன்னும் ஐந்தாறு நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்ததும் சட்டைக்குள் இருந்த ஃபிலிமை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டேன். எனக்கு ஆர்டர் கொடுக்கிற கம்பெனிக்காரர்கள். நாலு நல்லவர்கள் வந்து நியாயம் கேட்கட்டும் என்று பண்ணையக்காரர்தான் கூப்பிட்டிருந்தாராம்.

அந்த அக்கா பத்திரத்தை நீட்டினார். பத்திரத்தில் நெட்டைக்கல் என்று இருக்கிறது, நெட்டைக்கல் அதோ நிற்கிறது, அப்புறம் என்ன என்றார்கள். அவர் என்னைக் கைகாட்டினார். “அந்தத் தம்பியைக் கேளுங்க. படத்தைத் திருப்பிப் போட்டுட்டாங்களாமா.”

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். பண்ணையக்காரர் கொஞ்சமும் பதறவில்லை. எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

“தம்பி, நீங்க பயப்படாமச் சொல்லுங்க. தொழில்ல நம்ம தம்பி கெட்டிக்காரருங்க, எல்லாருக்கும் தெரியும். நீங்க போட்ட பிரிண்டுல தப்பு இருக்குதுங்களா? ஐநூறு பீசும் தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டே கொண்டாந்து போட்டீங்களா? இருந்தாச் சொல்லிருங்க, ஒண்ணும் பண்ண மாட்டோமுங்.”

கம்பெனிக்காரர்கள் என்னையே பார்த்தார்கள். ஆமாம் என்றால், தப்பான சரக்கைத் தெரிந்தே கொடுத்தவன் என்று ஆகிவிடும். மறுநாள் என் மேசை காலி. அந்த அக்காவும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சந்தேகமே இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம்.

“இல்லீங்க,” என்றேன். “பிரிண்டு சரியாத்தானுங்க இருக்குது.”

ஒருத்தரும் ஆச்சரியப்படவில்லை. கல் எங்கே நின்றது என்று அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருத்தனுக்கும் தெரியும். சின்ன வயதில் அதன்மேல் ஏறிக் குதித்தவர்கள் அவர்கள். தெரிந்ததைத் தெரியாது என்று சொல்ல ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அந்தச் சாக்கை நான் அச்சடித்துக் கொடுத்திருந்தேன். கிணறு பண்ணையக்காரருக்கே என்று தீர்ப்பாயிற்று. பங்காளி மனைவி என்பதால் வாரத்துக்கு ஒரு நாள் தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளலாம் என்று அவர் பெரிய மனது பண்ணினார். “எம்புட்டு நல்ல மனசுங்” என்று ஒரு பெரியவர் சொன்னார். த்தூ.

அந்த அக்கா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் பத்திரத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு நடந்து போனார்.

அவர் முன்பே சொன்னபடிதான் ஆயிற்று. பட்டறை மோட்டார் ராத்திரி பகல் ஓடியது. வாரத்துக்கு ஒரு நாள் என்பது அடுத்த கோடைக்கே நின்றுபோனது. கத்தரி காய்ந்தது, எருமைகளை விற்றார். கடைசியில் ரெண்டு ஏக்கரையும் வேறு யாரும் வாங்க வராததால் பண்ணையக்காரருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். நான் நன்றாக இருந்தேன். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு பண்ணையக்காரர் எனக்கு எக்ஸ்போர்ட் ஆர்டராகப் பிடித்துக் கொடுத்தார். தகரக் கொட்டகை போய்க் கான்கிரீட் கட்டிடம் வந்தது, ஒரு மேசை ஆறு மேசையானது. வருடா வருடம் கல்லுக்கு நோம்பி நடந்தது. நான்தான் பனியன் போட்டேன். அதே ஃபிலிம்தான், அதே திருப்பிப் போட்ட படம்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் திருப்பூரில் தண்ணீருக்கு நாய்ப்பாடு. சட்டம் கழுவ எனக்குத் தினம் ஒரு லாரித் தண்ணீர் வேண்டும். பண்ணையக்காரர் வெளுக்கும் பட்டறையைக் குறைத்துக்கொண்டு, கிணற்றுத் தண்ணீரையே லாரியில் ஏற்றி விற்க ஆரம்பித்திருந்தார். எனக்கு வந்தது அந்தத் தண்ணீர்தான். வாசலில் பெரிய சிமெண்ட் தொட்டி கட்டி நிரப்பி வைத்திருப்பேன்.

ஒரு சித்திரை மத்தியானம். லாரி அப்போதுதான் கொட்டிவிட்டுப் போயிருந்தது. வெள்ளைச் சேலையில் ஓர் அம்மாள் பிளாஸ்டிக் குடத்தோடு தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தலை நரைத்து, ஆள் பாதியாகியிருந்தார். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. பக்கத்துச் சந்தில் ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு வந்திருக்கிறாராம். ஏதோ கம்பெனியில் பனியனில் பிசிறு நூல் வெட்டுகிற வேலை.

“தம்பி, லைன்ல மூணு நாளாத் தண்ணி வரலீங். ஒரு கொடம் புடிச்சுக்கட்டுங்களா?”

“புடிச்சுக்குங்க்கா,” என்றேன்.

குடத்தை வைத்துவிட்டு முதலில் ஒரு கை அள்ளிக் குடித்தார். கையைத் துடைக்காமல் அப்படியே நின்றார். இன்னொரு கை அள்ளிக் குடித்தார்.

“எங்க கெணத்துத் தண்ணியாட்டவே இருக்குதுங் தம்பி. லேசா உப்புக் கரிக்குது.”

என்னிடம் அவர் எதையும் கேட்கவில்லை. கூட்டம் இல்லை, நாற்காலி இல்லை, ஆர்டர் கொடுக்கிறவன் எவனும் பக்கத்தில் இல்லை. தெருவில் நாங்கள் ரெண்டு பேர்தான் நின்றோம்.

“இல்லீங்க்கா,” என்றேன். “இது அவிநாசிப் பக்கத்துத் தண்ணிங்க.”

“அப்படீங்களா,” என்றார். குடத்தை நிரப்பி இடுப்பில் ஏற்றிக்கொண்டார். “ரொம்பப் புண்ணியமாப் போச்சுங் தம்பி,” என்று சொல்லிவிட்டுப் போனார்.